வாத்தியார் கூட்டத்தோடு கடற்கரையில் கூடாரம் போட

கூடாரம், அடுப்பு, கொசுவர்த்திச் சுருள் எல்லாம் காசு கொடுத்தால் கிடைக்கும். ஆசிரியர் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு கடற்கரையில் தங்கப் போவதில் சிக்கலே ஆசிரியர்கள்தான். சொல்லிக் கொடுத்தே பழகிய வாய். ஒரு கயிற்றை மரத்தில் கட்ட வேண்டுமென்றால் நாலு பேர் சுற்றி நின்று எப்படிக் கட்டுவது என்று விளக்குவார்கள். கயிற்றைப் பிடிக்க ஆள் இருக்காது. அதனால் இந்தக் குறிப்பில் பொருள் பட்டியலைவிட ஆள் விஷயம்தான் அதிகம் வரும்.

நான் மொரீஷியஸ் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தமிழ் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். எண்பதுகளில், ரோஸ் ஹில் பக்கம் ஒரு பள்ளியில் இருந்தபோது, விடுமுறை வந்தால் எங்கள் ஸ்டாஃப் ரூமே ஃப்ளிக்-ஆன்-ஃப்ளாக் கடற்கரைக்குக் கிளம்பிவிடும். இப்போது என் மருமகளும் ஆசிரியை. அவள் பள்ளியில் இளவட்டங்கள் அதே மாதிரி போக ஆசைப்படுகிறார்கள். "அத்தை, என்னென்ன வேணும்னு எழுதிக் குடுங்க" என்று கேட்டாள். அவளுக்காக எழுதத் தொடங்கியது மற்றவர்களுக்கும் உதவட்டும்.

தேதியும் இடமும்

முதலில் தேதி. இதில்தான் பாதிப் பயணங்கள் ஸ்டாஃப் ரூமிலேயே செத்துப்போகும். ஐந்தாம், ஆறாம் வகுப்பு எடுப்பவர்களுக்குச் சனிக்கிழமை என்றால் லெசோன், அதாவது வீட்டில் வைத்து எடுக்கும் டியூஷன். தொடக்கப் பள்ளி முடிவில் சி.பி.ஈ. தேர்வு இருந்த காலத்திலும் அப்படித்தான், 2017 முதல் பி.எஸ்.ஏ.சி. என்று வந்த பிறகும் அப்படித்தான். தேர்வின் பெயர் மாறியது, லெசோன் மாறவில்லை. ஆகவே தவணை நடுவில் சனி ஞாயிறு பார்க்காதீர்கள். இரண்டாம் தவணை முடிந்து வரும் குளிர்கால விடுமுறைதான் சரி. தவணை தொடங்கியதுமே தேதியைச் சொல்லி, ஸ்டாஃப் ரூம் சுவரில் ஒட்டி, ஆளுக்குக் கொஞ்சம் முன்பணமும் வாங்கிவிடுங்கள். பணம் கொடுத்தவர் வராமல் இருக்க மாட்டார்.

டிசம்பர் விடுமுறை நீளம்தான், ஆனால் நவம்பரில் தொடங்கி மே நடுப்பகுதி வரை புயல் காலம். புயல் வராவிட்டாலும் புழுக்கமும் கொசுவும் தூங்க விடாது. ஜூலை, ஆகஸ்டில் மழை குறைவு, ராத்திரி கடற்கரையில் 18, 19 டிகிரிக்கு இறங்கும், ஒரு கம்பளி போதும். ஆனால் அந்த மாதங்களில் தென்கிழக்குக் காற்று விடாமல் அடிக்கும். கிழக்கே பெல் மார் பக்கம் கூடாரம் போட்டால் சோற்றில் மணல் விழும். மேற்குக் கரைக்கு மலைகள் மறைப்பு. ஃப்ளிக்-ஆன்-ஃப்ளாக் அதனால்தான். கோடையில் போகிறவர்கள் இதையே திருப்பிப் போட்டுக் கிழக்குப் பக்கம் போகலாம், காற்று குளுகுளுவென்று இருக்கும். தெற்கே சுய்யாக் பக்கம் கிரி கிரி பார்க்க அழகு, ஆனால் அங்கே பவளப்பாறைத் தடுப்பு கிடையாது, அலை நேராகப் பாறையில் வந்து மோதும். பகலில் போய் பார்த்துவிட்டு வாருங்கள், குளிக்க இறங்காதீர்கள்.

அப்போதெல்லாம் யாரையும் கேட்காமல் போய் மரத்தடியில் இறங்கினோம். இப்போது பொதுக் கடற்கரைகளைக் கடற்கரை ஆணையம் பார்த்துக்கொள்கிறது. எந்தப் பகுதியில் தங்கலாம், தீ மூட்டலாமா, அனுமதிச் சீட்டு வேண்டுமா என்று முன்பே கேட்டு, கையெழுத்தான தாளோடு போங்கள். தலைமையாசிரியர் கூட வருகிறார் என்றால் அவரையே எழுதச் சொல்லுங்கள். அவர்களுக்கு விண்ணப்பக் கடிதம் எழுதுவது கைவந்த கலை.

கிளம்புவது வெள்ளிக்கிழமை பிற்பகல். காலையிலேயே கிளம்பினால் உருது மிஸ்ஸின் கணவருக்கும் அரபு மிசியேவுக்கும் (ஆண் ஆசிரியரை நாங்கள் மிசியே என்போம்) ஜும்மா தொழுகை தவறிவிடும். இரண்டரை மணிக்கு ஆள் சேர்ந்து, பாம்பூ வழியாகக் கரும்புக் காட்டைத் தாண்டிப் போனால் இருட்டுவதற்குள் கூடாரம் போட நேரம் இருக்கும். ஜூலையில் 6 மணி வாக்கில் இருட்டிவிடும், மறந்துவிடாதீர்கள். அது கரும்பு வெட்டும் பருவம். லாரிகள் பின்னால் ஊர்ந்துகொண்டே போக வேண்டியிருக்கும். அதற்கும் அரைமணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

மணலில் ஆணி நிற்காது

எங்கள் முதல் கூடாரம் கடையில் வாங்கியது கிடையாது. கல்யாணத்துக்கு மூங்கில் நட்டு லா சால் வேர் என்கிற பந்தல் போடுகிறவரிடம் ஒரு பெரிய தார்ப்பாய் கடன் வாங்கினோம். நடுவில் மஞ்சள் கறை, ஒரு மூலையில் கறிக்குழம்பு வாசனை. அதை இரண்டு ஃபிலாவ், அதாவது சவுக்கு மரத்துக்கு நடுவே கயிற்றில் போட்டு, கீழே பாய் விரித்தால் பெண்கள் பகுதி. அந்தப் பக்கம் சின்னத் தார்ப்பாயில் ஆண்கள். அன்றைக்குப் பெண்கள் வீட்டை விட்டு ராத்திரி தங்குவது எளிதாக இல்லை. "தலைமையாசிரியரின் மனைவியும் வருகிறார்" என்ற ஒரு வரிதான் எத்தனையோ மாமியார்களைச் சம்மதிக்க வைத்தது. அந்த அம்மாவும் அலுக்காமல் வருவார்.

இப்போது விற்கும் கூடாரங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. கூடவே வரும் மெல்லிய கம்பி ஆணிகள்தான் நம் மணலுக்கு லாயக்கில்லை. குத்தினால் இறங்கும், ஒரு காற்று அடித்தால் அதே வேகத்தில் வெளியே வரும். அதற்கு எங்கள் நாலாம் வகுப்பு மிசியே செய்த வேலையைச் சொல்கிறேன். மீனவர் வீட்டுப் பிள்ளை அவர். காலி அரிசிப் பைகளை முன்பே சேர்த்து வைத்திருப்பார். ஒவ்வொரு பையிலும் முக்கால் அளவுக்கு மணல் நிரப்பி, வாயைக் கயிற்றால் இறுக்கி, அந்தக் கயிற்றின் மறுமுனையைக் கூடார வளையத்தில் கட்டுவார். பிறகு முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் பையைப் படுக்கப் போட்டு, மேலே மணல் மூடிக் காலால் மிதித்துவிடுவார். கயிறு கூடாரத்திலிருந்து சாய்வாக இறங்க வேண்டும், நெட்டுக்குத்தாக இறங்கினால் பிடி குறையும். ஒரு கூடாரத்துக்கு நாலு மூலைக்கு நாலு பை. ராத்திரி எவ்வளவு காற்று அடித்தாலும் அசையாது. காலையில் தோண்டி எடுத்து மணலைக் கொட்டினால் பை மறுபடி குப்பை போட உதவும்.

இடம் தேர்ந்தெடுக்க மூன்று விஷயம் பாருங்கள். மேலே பார்த்து, காய்ந்த கிளை தொங்குகிறதா என்று பாருங்கள். ஃபிலாவ் கிளை சொல்லாமல் விழும். கீழே பார்த்து, கடல் ஒதுக்கிய பாசிக் கோடு எங்கே என்று பாருங்கள். நம் தீவில் ஏற்ற இறக்கம் அரை மீட்டர் அளவுதான், ஆனாலும் அந்தக் கோட்டுக்கு மேலே நன்றாகத் தள்ளிப் போடுங்கள். அப்புறம் தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் எத்தனை தூரம் என்று நடந்து பாருங்கள், அதுவும் இருட்டில் நடப்பதாக நினைத்துக்கொண்டு. ஃபிலாவ் ஊசியிலை மெத்தை மாதிரி கிடக்கும், அதன்மேல் பாய் விரித்தால் சுகம். ஆனால் முதலில் காலால் கிளறிப் பாருங்கள், உள்ளே முள்ளாகக் குத்தும் ஃபிலாவ் காய் ஒளிந்திருக்கும்.

வேலைச் சீட்டு

இதுதான் முக்கியம். "யார் யார் என்ன செய்வது, பேசிக்கொள்வோம்" என்று விட்டால் இரண்டு பெண்கள் மூன்று நாளும் சமைப்பார்கள், மற்றவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். இதை நான் மற்ற கூட்டங்களில் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வழி: வேலைகளைத் துண்டுத் தாளில் எழுதி, ஒரு தொப்பியில் போட்டுக் குலுக்கிவிட வேண்டும். தண்ணீர் கொண்டுவருவது, காய் நறுக்குவது, அடுப்பு, பாத்திரம் துலக்குவது, குப்பை, விளக்கு, இப்படி. ஒரு சீட்டுக்கு இரண்டு பேர். இரண்டு பேரும் ஒரே வகுப்பு எடுப்பவர்களாக இருக்கக் கூடாது. சீட்டை மாற்றிக்கொள்ளக் கூடாது. பதவி, வயது, ஆண் பெண் எதுவும் கணக்கில்லை. பெரிய தேகிசாவை துலக்கும் சீட்டு ஒரு தடவை தலைமையாசிரியருக்கே வந்தது. பள்ளியில் மடிப்புக் கலையாத சட்டையோடு வராந்தாவில் நிற்பவர். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, தேங்காய் நாரும் ஈர மணலும் வைத்து, உட்பக்கம் அடிப்பிடித்திருந்த பருப்பைச் சுரண்டினார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பாத்திரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், பிள்ளைகள் நோட்டைத் திருத்துகிற அதே முகத்தோடு. அப்புறம் மறுபடி சுரண்டுவார். கூடத் துலக்கியவர் அந்த வருடம்தான் வேலைக்கு வந்த இளைஞர். பள்ளியில் அவரிடம் "குட் மார்னிங்" தாண்டிப் பேசியதே இல்லை. அன்று அரைமணி நேரம் பேசிக்கொண்டே துலக்கினார்கள். சீட்டுக் குலுக்கலில் இதுதான் லாபம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பணப்பை ஒருவரிடம் மட்டும்தான் இருக்க வேண்டும், அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

குடும்பத்தைக் கூட்டிவரலாமா என்று கேட்பார்கள். என் கருத்து, வேண்டாம். பிள்ளைகள் வந்தால் அது குடும்பப் பிக்னிக் ஆகிவிடும். அம்மாக்கள் பிள்ளைகள் பின்னால் ஓடுவார்கள், ஆசிரியர்கள் பேச மாட்டார்கள். கணவனோ மனைவியோ மட்டும் வருவது பரவாயில்லை, சீட்டு எடுக்கச் சம்மதித்தால்.

சாப்பாடு

நம் ஸ்டாஃப் ரூமில் யாருக்கு எது ஆகாது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாடு ஒருவருக்கு ஆகாது, பன்றி ஒருவருக்கு ஆகாது, வெள்ளிக்கிழமை கவுச்சியே தொடாதவர் பாதிப் பேர். அதனால் வெள்ளி ராத்திரி எல்லோருக்கும் சைவம், சனிக்கிழமை மீன், ஞாயிறு காலை மிச்சம் மீதி. கோழி வேண்டுமென்றால் ஹலால் கடையில் வாங்குங்கள், யாருக்கும் சங்கடம் இல்லை. சைவக்காரர்களுக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி. கரண்டிக் காம்பில் சிவப்பு நூல் கட்டி வைத்துவிட்டால் இருட்டில் கூட மாறாது.

15 பேருக்குக் கணக்கு: ஒரு வேளைக்கு அரிசி ஒன்றரை முதல் ஒன்றே முக்கால் கிலோ, பருப்பு அரைக் கிலோ கொஞ்சம் கூட. குடிக்கவும் சமைக்கவும் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர். கடற்கரைக் குழாய் இருந்தாலும் குடிதண்ணீர் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். அரிசி எதுவாக இருந்தாலும் சரி. அன்று எங்களுக்கு ரேஷன் அரிசிதான். கடல் காற்றில் பசிக்கும்போது பாஸ்மதியைத் தேடுபவர் யாரும் இல்லை.

வெள்ளி ராத்திரிக்குச் சோறு, பருப்பு, முருங்கைக் கீரை புய்யோன் (தண்ணீராக வைக்கும் கீரைச் சாறு), மாங்காய் அச்சார். கீரையை வீட்டிலேயே உருவி, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவர வேண்டும். இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் கீரை உருவ உட்கார்ந்தால் விடியும். ரசத்துக்குப் பொடி தயாராக இருந்தால் பத்து நிமிட வேலை. சனிக்கிழமை பகலுக்குக் கருவாட்டு ருகாய், அதாவது தக்காளிக் குழம்பு. அது கடற்கரையில் செய்யும்போது வீட்டில் வராத ருசி வரும், காரணம் கேட்காதீர்கள்.

முக்கால் கிலோ உப்பு மீனை வெள்ளி ராத்திரியே தண்ணீரில் போட்டு மூடி வைத்துவிடுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டி, ஒரு கொதி விட்டு, உதிர்த்து முள் எடுத்து, எண்ணெயில் ஓரம் மொறுமொறு ஆகும் வரை பொரித்துத் தனியே வையுங்கள். அதே எண்ணெயில் வெங்காயம் ஆறு, நசுக்கிய பூண்டும் இஞ்சியும், பச்சை மிளகாய் கீறியது, தீம் (thyme) இலைக் கொத்து இரண்டு. தீம் இல்லாமல் ருகாய் வைப்பதைவிட வைக்காமலே இருக்கலாம். வெங்காயம் வதங்கியதும் நன்றாகப் பழுத்த பொம்தாமூர், அதுதான் தக்காளி, இரண்டு கிலோ. தக்காளி கரைந்து எண்ணெய் மேலே மிதக்கும்போது மீனைப் போட்டு, கொத்தமல்லி தூவி இறக்கிவிடலாம். உப்பு போடாதீர்கள், ருசி பார்த்துவிட்டு வேண்டுமானால் பிறகு. உப்பு மீனைச் சாப்பிடாதவருக்கு அதே ருகாய், மீன் போடும் முன்பே அகப்பையில் எடுத்து வைத்துவிட வேண்டும்.

காலைக்கு உருண்டை ரொட்டி, வெண்ணெய், புவா ஷெரி வனிலாத் தேயிலை. டின் மீனும் அப்பல்லோ நூடுல்ஸும் பெட்டி அடியில் இருக்கட்டும். மழை பிடித்துக்கொண்டால் அதுதான் கை கொடுக்கும். காய்கறியைத் தாழை ஓலைக் கூடையில் கொண்டுபோங்கள். 2016 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை என்பது ஒரு பக்கம், ஓலைக் கூடையில் கீரை வாடாது என்பது இன்னொரு பக்கம்.

தீ

அனுமதி இருந்தால் மட்டும். இல்லாவிட்டால் சின்ன காஸ் அடுப்பு இரண்டு, காற்று மறைக்க ஒரு தகரம், சமையல் முடிந்துவிடும். தீ மூட்டுவதானால் மரத்திலிருந்து தள்ளி, ஊசியிலையைச் சுத்தமாகக் கூட்டி எடுத்துவிட்டு, மணலில் குழி தோண்டி அதற்குள். காய்ந்த ஃபிலாவ் இலை பொசுக்கென்று பற்றும், ஒரு பொறி போதும். அணைக்கும்போது பலர் மணலை அள்ளிப் போட்டு மூடிவிட்டுப் போகிறார்கள். அது அணைவதில்லை, உள்ளே தணலாகவே கிடக்கும். மறுநாள் வெறுங்காலோடு ஓடி வருகிற குழந்தை அதில்தான் கால் வைக்கும். தண்ணீர் ஊற்றுங்கள், கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள். புறங்கையை மேலே காட்டிச் சூடு தெரியாத வரை விடாதீர்கள்.

கடல்

பவளப்பாறைக்கு இந்தப் பக்கம் தண்ணீர் அமைதிதான். பாறைத் தடுப்பில் இடைவெளி இருக்கும் இடங்களில் நீர் வெளியே இழுக்கும், அந்தப் பக்கம் நீந்திப் போகாதீர்கள். காலில் பழைய கான்வாஸ் ஷூவோ ரப்பர் செருப்போ இல்லாமல் இறங்கக் கூடாது. கடல் முள்ளெலி குத்தினால் வலி, அவ்வளவுதான். லாஃப் அப்படி இல்லை. கல்லோடு கல்லாகக் கிடக்கும் மீன் அது, முதுகு முள்ளில் விஷம். மிதித்துவிட்டால், குத்திய காலைத் தாங்கக்கூடிய அளவு சூடான வெந்நீரில் அமிழ்த்தி வைக்க வேண்டும். அந்தச் சூட்டில் வலி தணியும். வலி தாளாமல் அவர் சூட்டை உணராமல் இருக்கலாம், அதனால் பக்கத்தில் இருப்பவர் முதலில் தன் கையை விட்டுப் பார்க்க வேண்டும். அப்படியே வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்கு. ஃப்ளிக்-ஆன்-ஃப்ளாக்கிலிருந்து என்றால் காந்தோஸில் உள்ள விக்டோரியா மருத்துவமனை. ஆம்புலன்சுக்கு 114. ஒரு கெட்டில் வெந்நீர் எப்போதும் தயாராக இருக்கட்டும், டீக்கும் ஆகும்.

கொசுவை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2005, 2006இல் சிக்குன்குனியா வந்து மூட்டு பிடித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாலையில் முழுக்கை, காலுறை, களிம்பு. 

ராத்திரியில்

பாட்டுப் பெட்டி கொண்டுபோகாதீர்கள் என்றுதான் சொல்வேன். எங்கள் கூட்டத்தில் உடற்பயிற்சி மிசியே ரவான் கொண்டுவருவார். மரச் சட்டத்தில் ஆட்டுத்தோல் கட்டியது. கடல் ஈரத்தில் தோல் தொங்கிப்போய், தட்டினால் பொத்துபொத்தென்று இருக்கும். அதைத் தீக்கு முன்னால் பிடித்துச் சுற்றிச் சுற்றிக் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, மறுபடி காட்டுவார். நம் கோயில் திருவிழாவில் தப்பைக் காய்ச்சுகிற மாதிரியேதான். தோல் இறுகி, சுண்டினால் கணீரென்று வந்ததும் சேகா தொடங்கும், நம் தீவின் பாட்டும் ஆட்டமும். சேகாவுக்கு 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்தபோது எனக்கு அந்தச் சுண்டல் சத்தம்தான் காதில் கேட்டது. ரவான் உங்களுக்கு கிடைக்காவிட்டால் தேகிசாவைக் கவிழ்த்துப் போடுங்கள், பாட ஆள் இருந்தால் அதுவும் நன்றாகவே இருக்கும்.

பேய்க்கதை சொல்ல ஒருவர் நிச்சயம் இருப்பார். 1994இல் ஹோலாண்டா புயலுக்குப் பிறகு கரண்ட் இல்லாத ராத்திரிகளில் தூனி மின்வி என்கிற அம்மணப் பேயின் பயம் தீவு முழுக்கப் பரவியதே, அதை அனுபவித்தவர் இருந்தால் அவரைக் கடைசியாகச் சொல்ல விடுங்கள். பிறகு கழிப்பறைக்குத் தனியாகப் போக யாரும் துணிய மாட்டார்கள், டார்ச் பாட்டரி மிச்சமாகும்.

நிலவில்லாத ராத்திரியாகப் பார்த்துப் போயிருந்தால் மல்லாந்து படுங்கள். ஜூலை, ஆகஸ்டில் ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கு விருச்சிகம் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். நடுவில் செக்கச்சிவந்த கேட்டை, வால் பக்கம் மூலம், தலைப் பக்கம் அனுஷம். தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் இது தெற்கே சாய்ந்துதான் தெரியும். நாம் 20 டிகிரி தெற்கே இருப்பதால் உச்சியில். ஜாதகத்தில் மட்டும் கேட்டை, மூலம் என்று கேட்டவர்கள் அதை வானத்தில் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். எங்கள் இளம் மிஸ் ஒருத்தி மூல நட்சத்திரம். அதனாலேயே வரன் தட்டிக்கொண்டிருந்தது. அந்த வாலைக் காட்டினேன். "இவ்வளவு அழகா இருக்கு, இதைப் போய்..." என்று சொல்லி அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிப் பேச்சு பேசக்கூடாது என்று சிலர் விதி வைக்கிறார்கள், பேசினால் அபராதம் என்று கூட. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நம் பள்ளிகளில் ஆசிரியர்கள் ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து பேச எங்கே நேரம்? மொழிப் பாட மணி அடித்ததும் வகுப்பு பிரிந்துவிடும். என் பிள்ளைகள் என் பின்னால், தெலுங்குப் பிள்ளைகள் அங்கே, இந்தி, உருது, மராத்தி இன்னொரு அறையில். அடுத்த மணிக்கு வேறு வகுப்பு. ஒரே கூரைக்குக் கீழே வேலை செய்தும் பக்கத்து அறையில் எப்படிக் கற்பிக்கிறார்கள் என்பது தெரியாது.

அது எனக்குத் தெரிந்தது கடற்கரையில்தான். ஒரு சனிக்கிழமை மாலை, அலை பின்வாங்கிய ஈர மணலில் தெலுங்கு மிஸ் ஃபிலாவ் குச்சியை வைத்து ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தார். வீட்டில் கிரியோல் மொழி மட்டும் பேசுகிற பிள்ளைக்கு எழுத்து எப்படிச் சொல்லித் தருகிறார் என்று கேட்டேன். எழுதிக் காட்டினார், முதலில் வட்டம், பிறகு அதற்குள்ளிருந்து ஒரு கொக்கி. நான் பக்கத்தில் என் அ, ஆ எழுதினேன். உருது மிஸ் வந்து வலப்பக்கத்திலிருந்து தொடங்கித் தன் பெயரை எழுதினார். மராத்தி மிசியே, இந்தி மிஸ் எல்லோரும் குச்சி பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஆளுக்கு ஆள் மற்றவர் பெயரைத் தன் எழுத்தில் எழுதினோம். என் பெயரில் இருக்கும் ழகரத்துக்கு ஒருவரிடமும் எழுத்து இல்லை, ஆளாளுக்கு ஒன்றைப் போட்டார்கள். அடுத்த தவணையில் நான் மணல் தட்டு ஒன்று வகுப்புக்குக் கொண்டுபோனேன். சிலேட்டில் எழுதப் பயந்த பிள்ளைகள் மணலில் விரல் வைத்தார்கள், தப்பானால் தடவிவிடலாம் என்பதால்.

ஆகவே பேச விடுங்கள். இன்ஸ்பெக்டரைத் திட்டுவதற்கு வெள்ளி ராத்திரி ஒரு மணி நேரம் போதும், அதைத் தாண்டினால் யாராவது ரவானை எடுக்கட்டும்.

கிளம்பும்போது

ஞாயிறு பத்து மணிக்குக் கூடாரம் பிரித்துவிடுங்கள். அதற்குப் பிறகு குடும்பங்கள் பஸ்ஸில் வந்து இறங்கும், நிழல் அவர்களுக்கும் வேண்டும். பொருள்களை ஏற்றிய பிறகு எல்லோரும் கைகோத்த தூரத்தில் வரிசையாக நின்று, மரத்தடியிலிருந்து தண்ணீர் வரை மெதுவாக நடந்து குப்பை பொறுக்க வேண்டும். காலைக் கூட்டத்தில் பிள்ளைகளை வைத்து நாம் செய்யச் சொல்வதுதான். சிகரெட் துண்டு, மிட்டாய்த் தாள், சோடா மூடி எல்லாம். நம்முடையதா என்று பார்க்காதீர்கள்.

கூடாரத்தை ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், உப்பு ஜிப்பைத் தின்றுவிடும். வீட்டுக்குப் போனதும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் இரண்டு நாள் உலர்த்துங்கள். ஜிப்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டால் அடுத்த வருடம் சிக்காது. இதையும் சீட்டில் ஒரு வேலையாக எழுதுங்கள், இல்லாவிட்டால் அது யார் வண்டியில் இருக்கிறதோ அவர் தலையில்தான்.

கணக்கை வண்டியிலேயே முடியுங்கள். வாங்கியது, செலவு, மிச்சம், ஒரு தாளில் எழுதி எல்லோரும் பார்க்கட்டும். மிச்சம் இருந்தால் பிரித்துக் கொடுத்துவிடுங்கள், "அடுத்த வருடத்துக்கு இருக்கட்டும்" என்று யாரிடமும் விடாதீர்கள். அடுத்த வருடம் பாதிப் பேருக்கு மாற்றல் வந்துவிடும், போனவர்களைத் தேடிப் பிடித்து இருபது இருபது ரூபாயாகத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். கடன் வாங்கிய தார்ப்பாயை மட்டும் அன்றே, மணல் உதறி, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பந்தல்காரருக்கு அடுத்த சனிக்கிழமை கல்யாணம் இருக்கும்.